நீ கட்டிவைத்த ஸ்பானர்

கடலைத் தாண்டியவரும், கரையைத் தாண்டியவரும், கடைசியில் என்னையும் தாண்டிப் போனவருமான கப்பித்தேன் அவர்களுக்கு, உன்னுடைய ஒரே மாலுமி எழுதிக்கொள்வது.

இன்று காலை தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் உன் கப்பலின் பின்பக்கம் குந்திக்கொண்டு, இன்ஜின் கழுத்திலிருந்து ஒரு கம்பியை உருவினேன். உருவினேன் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். நடந்தது யுத்தம். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். எண்ணெய் விட்டேன். மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினேன், திட்டினேன், கெஞ்சினேன், மறுபடி தட்டினேன். துறைமுகத்து நாய்கள் எல்லாம் சத்தம் தாங்காமல் கடலூர்ப் பக்கம் குடிபெயர்ந்துவிட்டன. கடைசியில் கம்பி ஒரு முனகலோடு வெளியே வந்தது. கூடவே சந்தன வாசமும் வந்தது.

துரு நாற்றம் வந்திருந்தால் நியாயம். செத்த கிரீஸ் நாற்றம் வந்திருந்தால் அதுவும் நியாயம். சந்தனம் எங்கிருந்து வரும்? ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன், நீ பின்னால் வந்து நிற்கிறாயோ என்று. பிறகுதான் கம்பி இருந்த குழாய்க்குள் விரலை விட்டேன். விரலோடு வந்ததை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். “அடப்பாவி, நீதானா?” என்று வாய்விட்டே கேட்டேன்.

அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் தை மாதத்தில் அன்றைக்கு நடந்ததை நீ கேட்டாக வேண்டும். நீயும் படகில் இருந்தாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளைத் துணியால் வாய்கட்டிய மண்பானைக்குள் இருந்தாய். உள்ளேயிருந்து உனக்கு என்ன தெரிந்திருக்கும்?

கப்பல், கப்பல் என்கிறேன். நாலு பேர் ஏறினால் ஐந்தாவது ஆள் கரையில் நின்று சாமி கும்பிட வேண்டிய ஃபைபர் படகு அது, துறைமுகத்து வழக்கில் ‘போட்டு’. ஆனால் துறைமுகத்தில் வேறு எவனிடமும் இல்லாத ஒன்று அதில் இருந்தது. காரில் இருப்பது போல ஒரு ஸ்டியரிங் வீல். மற்றவர்கள் எல்லாரும் பின்னால் உட்கார்ந்து, இன்ஜினின் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஓட்டுவார்கள். பிரெஞ்சுக் கப்பற்படையில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு உப்பளம் பேட்டைக்குத் திரும்பிவந்த சொல்தா நீ. உனக்குக் கைப்பிடி கௌரவக் குறைச்சல், கேப்டனைக்கூடப் பிரெஞ்சில் கப்பித்தேன் என்றுதான் சொல்லுவாய்.

“கைப்பிடியப் புடிக்கிறவன் படகுக்காரன்டா. வீலப் புடிக்கிறவன்தான் கப்பித்தேன்” என்றாய்.

“அப்ப நான்?” என்று கேட்டேன். நெல்லித்தோப்பிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உனக்காக மீன் குழம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் நான்.

“நீ சரக்கு” என்றாய்.

அந்த வீலிலிருந்து ஒரு தடித்த கேபிள் போட்டின் விலாவுக்குள் ஓடி, பின்னால் இன்ஜின் வரைக்கும் போகும். அதன் முனையில் கை நீளத்துக்குப் பளபளப்பான ஒரு கம்பி. இன்ஜினின் கழுத்தில் இருக்கும் குழாய்க்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தலையை நீட்டும். அந்தத் தலையை இன்ஜினோடு சேர்ப்பது ஒரு சின்ன இணைப்பு, அதில் ஒரே ஒரு நட்டு. வீலைத் திருப்பினால் கம்பி நீளும், சுருங்கும். இன்ஜின் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தலையாட்டும். கப்பித்தேனுடைய கௌரவம் முழுவதும் அந்த ஒரு கம்பியின் மேல்தான் சவாரி செய்துகொண்டிருந்தது.

மழைக்காலம் முழுக்க நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். கப்பல் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. யாரும் வீலைத் தொடவில்லை. உனக்கு மூச்சு வாங்கும்போதுகூட வாய் ஓயவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்து, “என்ன என் கப்பல்லதான் கொண்டு போவணும். அடுத்தவன் போட்டுல ஏத்துன, எழுந்து வந்து ஒதைப்பேன்” என்றாய்.

“முகத்துவாரம் வரைக்கும் போதுமா, இல்ல பிரெஞ்சுக்காரன் துறைமுகம் மார்சேய் வரைக்கும் உடணுமா?” என்றேன்.

“முகத்துவாரம் தாண்டி. கல்லுக்கு வெளிய. நல்ல தண்ணில” என்றாய். சிரிக்கவில்லை. நீ சிரிக்காமல் சொன்னது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

பாரிசிலிருந்து உன் மகள் வாணி வந்தாள். எரித்த பிறகு பங்காளிகள் கூடி நின்று, சங்கராபரணி ஆற்றங்கரையில் கரைத்துவிடலாம், பொம்பளைப் பிள்ளை எதற்குக் கடலுக்கு என்றார்கள். அவள் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “அப்பா எங்க சொன்னாரோ அங்க. மாமா வருவாரு” என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு மறுநாள் விமானம். மகளைப் பெறாத எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு மகளைக் கொடுத்துவிட்டுப் போனாய், போ.

முந்தின சாயங்காலமே போய் வீலைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. யானையைத் திரும்பிப் படுக்கச் சொன்னது போல இருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால் கேபிளின் மேல்தோல் வளைவில் வெடித்து, உள்ளே துரு பழுத்துக் கிடந்தது. கம்பி நுழைகிற வாயில் உப்பு பூத்திருந்தது. மண்ணெண்ணெய் விட்டேன். எண்ணெய் விட்டேன். வீலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டினேன். பழைய கோயில் கதவு போலக் கிறீச்சிட்டுக்கொண்டு அசைந்து கொடுத்தது. துறைமுகத்துக்குள்ளேயே ஒரு சுற்றும் சுற்றிக் காட்டியது. புதுக் கேபிள் சென்னையிலிருந்து வர நாளாகும். வாணிக்கு நாள் இல்லை.

காலையில் கிளம்பும்போது பக்கத்துப் போட்டு ஏழுமலை வலையை உதறிக்கொண்டு நின்றான். கயிற்றை அவிழ்க்கிற என்னைப் பார்த்தான். பிறகு வீலைப் பார்த்தான்.

“இன்னா பெரீப்பா, இன்னிக்கி பஸ்ஸு எடுக்குறீங்களா? மொகத்துவார வாய்ல தண்ணி ஒரு தினுசா கீது. மண்ணு வேற மேடு தட்டி கெடக்குது. அந்த வீலு வேணாம், நம்ம போட்ல ஏறுங்க. அஞ்சி நிமிசத்துல உட்டுட்டு வந்துடுவேன்.”

எனக்கு ஏற ஆசைதான். சத்தியமாக ஆசை. வாணியைப் பார்த்தேன். அவள் பானையைப் பார்த்தாள். ரெண்டு பேர் காதிலும் ஒரே நேரத்தில் நீ “ஒதைப்பேன்” என்றாய்.

“மெர்சிப்பா. அப்பா தன் போட்லதான் போவணும்னு சொல்லிட்டாரு” என்றாள் அவள்.

“செத்தும் வீம்பா?” என்றான் ஏழுமலை. மரியாதையாகத்தான் சொன்னான், தலையில் கட்டின துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு.

துறைமுகத்துக்குள் கடல் பசும்பால் போல இருந்தது. வீல் முனகியது, ஆனால் கீழ்ப்படிந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வங்காள விரிகுடா எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதாகக்கூடத் தோன்றியது. எதிரே முகத்துவாரம். வடக்கே ஒரு கல் வரிசை, தெற்கே ஒரு கல் வரிசை, நடுவில் கடல் உள்ளே வந்துபோகிற வாய். அந்த வாய்க்குள் இடது பக்கம் மண் மேடு தட்டி, அதன் மேல் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. மேட்டைச் சுற்றிப் போக வலது பக்கம் நன்றாக ஒடிக்க வேண்டும். தாண்டியதும் உடனே இடது பக்கம் ஒடித்து நேராக்க வேண்டும். நீ நூறு தடவை செய்து, நூறு தடவையும் பக்கத்தில் இருந்த என்னிடம் நெப்போலியன் போலத் தலையசைத்த இடம் அது.

வலது பக்கம் ஒடித்தேன். கிறீச்சென்று திரும்பியது. மண் மேடு பக்கவாட்டில் போனது. இடது பக்கம் ஒடித்தேன்.

வீல் வரவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். வரவில்லை. கம்பி முழுக்க நீண்டுபோய், அப்படியே குழாய்க்குள் பிடித்துக்கொண்டது. போட்டு வலது பக்கமே வளைந்துகொண்டு போனது. எதிரே தெற்குக் கல் வரிசை. ஒவ்வொரு கல்லும் ஒரு அம்பாசிடர் கார் அளவுக்கு இருக்கும் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிவேன். அன்றைக்கு லாரி அளவுக்கு இருந்தது. ரெண்டு கையாலும் வீலைப் பிடித்து, காலை முட்டுக் கொடுத்து, என் முழு எடையையும் போட்டேன். உள்ளே எங்கேயோ ‘டக்’ என்று ஏதோ அறுந்தது. வீல் இப்போது சுலபமாகச் சுற்றியது, விளையாட்டுச் சாமான் போல. இன்ஜின் மட்டும் அசையவில்லை.

கியரை நியூட்ரலில் தள்ளினேன். போட்டு முன்னால் போவது நின்றது. ஆனால் அலை நிற்குமா? பக்கவாட்டில் ஒரு அலை வந்து எங்களைத் தூக்கிக் கல் பக்கமாக ஒரு தள்ளு தள்ளியது. ஓட்டினால் இன்ஜினே கொண்டுபோய்க் கல்லில் மோதும். ஓட்டாவிட்டால் அலை கொண்டுபோய் மோதும். உன் கப்பித்தேன் படிப்பில் இதற்குப் பதில் இருந்திருக்கும், சரக்குக்கு ஏது படிப்பு? என் விரல்கள் அந்த உதவாத வீலை விட மறுத்தன. நான் விடச் சொல்கிறேன், அவை கேட்கவில்லை.

“மாமா!” என்றாள் வாணி. பானை அவள் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. “மாமா, இன்னா ஆச்சு?”

அப்போதுதான் நீ பேசினாய்.

பானையிலிருந்து இல்லை. எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. சுண்ணாம்பாற்றுக் கழியில் நங்கூரம் போட்டுவிட்டு, நான் கொண்டுவந்த குழம்பை நீ ஒரு கவளம் எடுத்துவிட்டு, தண்ணீர் தளும்பாமல் கிடக்கிற இடத்தில் வேண்டுமென்றே ஒரு பாடம் நடத்தினாய். பின்னால் என்னை உட்காரவைத்து அந்த நட்டைக் காட்டினாய். “இந்த ஒத்த நட்டுதான்டா. இதக் கயட்டிட்டன்னா கேபிளு வேற, இன்ஜின் வேற. இன்ஜின் உன் கையில. வீலு இறுகிச்சின்னா நீ கைய இறுக்காத. எழுந்து பின்னால போ.” பின்பலகைக்கு அடியில் ஒரு ஸ்பானரைக் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தாய். கயிற்றின் மறுமுனை படகின் வளையத்தில். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “ஏன்டா, மாட்டக் கட்டுற மாதிரி ஸ்பானரக் கட்டிவெச்சிருக்க? ராத்திரியில மேயப் போவுமா?” நீ கோபித்துக்கொண்டு மீன் தலையை எனக்குக் கொடுக்காமல் நீயே தின்றாய்.

கையை இறுக்காதே. எழுந்து பின்னால் போ.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரித்தேன் என்றால், ஒட்டிப்போன அப்பளத்தைப் பிரிப்பது போலப் பிரித்தேன். “வாணி, இங்க வா. இந்த லீவரப் புடி. நான் சொன்னதும் முன்னால தள்ளு. மெல்ல” என்றேன். அவள் பானையைக் காலால் அணைத்து இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் தவழ்ந்து பின்னால் போனேன். தொந்தி தடுத்தது. அந்தத் தொந்தியை நாற்பது வருடம் மீன் வறுத்துப்போட்டு வளர்த்தவன் பானைக்குள் இருந்தான்.

ஸ்பானர் இருந்தது. நட்டில் மாட்டி ஒரு இழு இழுத்தேன். நட்டு உப்பில் உறைந்திருந்தது. இரண்டாவது இழுவைக்கு ஸ்பானர் நழுவி, எகிறி, தண்ணீருக்குள் போனது.

போயிற்று என்று நினைத்தேன். என் உயிரும் கூடவே போனது. அடுத்த கணம் கயிறு விறைத்தது. ஸ்பானர் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது, தூண்டிலில் மாட்டின மீன் போல. கயிற்றை இழுத்தேன். வந்தது.

பின்னால் வாணி கத்தினாள். தமிழ் போய்விட்டது அவளுக்கு. பிரெஞ்சில் ஏதேதோ வந்தது. கல் எவ்வளவு கிட்டத்தில் இருந்தது என்று கேட்காதே. கல்மேல் உட்கார்ந்திருந்த நண்டுகள் நகர்ந்து எங்களுக்கு இடம் விட்டன. அடுத்த அலை ஏறியது. பானை சாய்ந்து உருள ஆரம்பித்தது. அவள் ஒரு காலால் அதை அமுக்கிப் பிடித்து, இப்போது நல்ல உப்பளத்துத் தமிழில், “அப்பா, செத்த நேரம் சும்மா இரேன்பா!” என்று அதட்டினாள். நீ சும்மா இருந்தாய். உன் வாழ்நாளில் ஒருவர் சொன்னதைக் கேட்டு நீ சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

ஸ்பானரை மறுபடி மாட்டி, குதிகாலால் ஒரு உதை விட்டேன். நட்டு ‘கிர்ர்’ என்றது. இன்னொரு உதை. சுற்றியது. விரலாலேயே கழற்றினேன். இணைப்பைத் தட்டி எடுத்ததும் இன்ஜின் சட்டென்று லேசாகி, ஒரு குழந்தையைப் போல என் மார்பில் சாய்ந்தது.

“தள்ளு!”

இன்ஜின் உறுமியது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மண்டி போட்டிருந்தேன். முகம் பின்பக்கம். முன்னால் எது இருக்கிறது, கல்லா கடலா, எனக்குத் தெரியாது. அவள் கண்தான் எனக்குக் கண்.

“அ கோஷ், மாமா! அ கோஷ்! அ கோஷ்!”

நீ எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்ததே அந்த ரெண்டு வார்த்தைதான். அ கோஷ் என்றால் இடது, அ துருவாத் என்றால் வலது. கப்பலில் தமிழில் பேசினால் கடலுக்குப் புரியாது என்று ஒரு சட்டம் போட்டு, ஞாயிறு தவறாமல் என் காதுக்குள் கத்தினாய். யோசிக்கவே இல்லை நான். கைகள் தானே தள்ளின. போட்டு இடது பக்கம் ஒடிந்தது. பின்பலகை ஓரம் ஒரு கல்லில் உரசியது. அந்தச் சத்தம் இப்போதும் என் பல்லில் இருக்கிறது.

“அ துருவாத், கொஞ்சம்! கொஞ்சம்! ஆங், நேரா, நேரா!” அவளுக்கு எது எந்த மொழி என்றே தெரியவில்லை. எனக்கும்தான். ஒரு அலை எங்களை மேலே தூக்கியது. அதன் முதுகில் ஏறி இறங்கினோம். அடுத்தது தாழ்வாக வந்தது. அதற்கடுத்தது அலையே இல்லை, வெறும் மூச்சு. கல்லுக்கு வெளியே வந்துவிட்டோம். நீ கேட்ட நல்ல தண்ணீர்.

இன்ஜினை நிறுத்தச் சொன்னேன்.  

பிறகு அவள் பாலை ஊற்றினாள். சாமந்தியை உதிர்த்தாள். பானையை ரெண்டு பேருமாகப் பிடித்துத் தண்ணீரில் இறக்கினோம். துணி நனைந்தது. தண்ணீர் உள்ளே போனது. அவள் கையை எடுத்துவிட்டாள். நான் எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்யவில்லை, வரவில்லை. வீலில் இறுகின அதே விரல்கள், அதே பிடி. பானை கனத்துக் கீழே இழுக்கிறது, நானும் கூடவே குனிகிறேன், போட்டும் சாய்கிறது.

அவள் என் மணிக்கட்டைத் தொட்டாள். “கைய இறுக்காதீங்க மாமா” என்றாள்.

உன் வாக்கியம் என்று அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. சின்ன வயதில் சைக்கிள் கற்றுக்கொடுக்கும்போது நீ அவளுக்கும் சொல்லியிருப்பாய். விட்டேன். நீ கொஞ்ச நேரம் மேலேயே மிதந்தாய், எதையோ மறந்து வைத்துவிட்டவன் போல. பிறகு போனாய்.

திரும்பும்போது கடல் எங்களை ஒன்றும் செய்யவில்லை. நான் இன்ஜினை அணைத்துக்கொண்டு, அவள் முன்னால் நின்று கை காட்ட, மெதுவாக வந்தோம். வீல் காற்றில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. கையில் ஸ்பானரை வைத்து அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நான், “உங்கப்பன் இத எந்தக் கப்பல்ல கத்துக்கிட்டான்? வீல் ரூம்லயா?” என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “வீல் ரூமா? அப்பா குசினில இல்ல இருந்தாரு மாமா. சர்வீசு முழுக்க சமையலு. கப்பல் ஆடும்போது கத்தி, கரண்டி எல்லாம் பறக்கும். அதனால குசினில எதையும் சும்மா வெக்க மாட்டாங்களாம், எல்லாத்தையும் கட்டித்தான் வெப்பாங்களாம். எங்க வீட்ல அருவாமணைக்கே கயிறு உண்டு. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சந்தேகம் இருந்தது, அதையே தெரியும் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். ஒரு கப்பித்தேன் குழம்பில் புளி கூடிவிட்டது என்று அவ்வளவு நுட்பமாகக் குறை சொல்லுவானா? உருளைக்கிழங்கை உரித்தால் தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வருமா? ஆனால் கேள், தளபதி. வீலைப் பிடித்த கப்பித்தேன் அன்றைக்கு எங்களைக் கல்லுக்குத்தான் கொண்டுபோனான். குசினிக்காரன்தான் காப்பாற்றினான்.

துறையில் ஏழுமலை காத்துக்கொண்டிருந்தான். வலை உதறிய இடத்திலேயே, வலையே இல்லாமல். நான் பின்னால் மண்டி போட்டு இன்ஜினைக் கட்டிப்பிடித்து வருவதைப் பார்த்தான். “இன்னா பெரீப்பா, பஸ்ஸு பிரேக் டவுனா?” என்றான். பிறகு கயிற்றை வாங்கிக் கட்டிவிட்டு, பின்பலகையில் கல் உரசிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தான். மேற்கொண்டு கேலி செய்யவில்லை.

புதுக் கேபிள் அந்த மாதமே வந்துவிட்டது. வீட்டில் பரண்மேல் கிடந்தது. கை போகவில்லை எனக்கு. சித்திரை போனது, ஆடி போனது. நாளைக்கு ஆயுத பூஜை என்றானபோது, துருப்பிடித்த வண்டிக்குப் பொட்டு வைப்பது சாமிக்கே பொறுக்காது என்று இன்று காலை கிளம்பினேன். அப்படித்தான் அந்தக் கம்பியை உருவினேன். அப்படித்தான் உன்னைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

குழாய்க்குள்ளிருந்து வந்தது சந்தனம். கிரீஸில் ஊறி, உப்பில் காய்ந்து, பழைய மைசூர்பாகு போல இறுகிய சந்தனம். உடைத்துப் பார்த்தால் ஒரு வரி மஞ்சள், ஒரு வரி சிவப்பு, மறுபடி மஞ்சள், மரத்தை அறுத்தால் தெரியுமே அது மாதிரி, வருடத்துக்கு ஒரு வளையம்.

ஆயுத பூஜைக்கு ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் வீலுக்குச் சந்தனம் வைப்பார்கள், இன்ஜின் மூடிக்கு வைப்பார்கள். நீ மட்டும் கிண்ணத்தோடு பின்னால் போவாய். அந்தப் பளபளக்கிற கம்பிக்கு மூன்று விரலால் பட்டை பட்டையாகச் சந்தனம் அப்புவாய். மேலே குங்குமம். “இதான்டா கப்பலோட நரம்பு. மொதப் பொட்டு இதுக்குத்தான்” என்பாய். அதோடு விட்டாயா? எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஊற்றிவிட்டு, ஓடிப்போய் வீலைப் பிடித்து, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் மூன்று தடவை சுற்றுவாய். அப்பின சந்தனம் முழுவதையும் அந்தக் கம்பி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். நாங்கள் கை தட்டுவோம். வருடா வருடம் கும்பிட்டுக் கும்பிட்டே அதன் கழுத்தை நெரித்திருக்கிறாய். உப்பும் துருவும் செய்த வேலை பாதி. மீதி உன் பக்தி.

வாணிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் சிரித்தாள். நிறுத்தாமல் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, “நாளைக்கு சந்தனம் எங்க வெப்பீங்க மாமா?” என்று கேட்டாள்.

“உங்கப்பன் வெச்ச எடத்துல வெக்க மாட்டேன், பயப்படாத” என்றேன்.

குழாயைத் துணி சுற்றிய குச்சியால் பளபளவென்று துடைத்தேன். புதுக் கிரீஸ் வைத்தேன். புதுக் கேபிள், புது நட்டு. இப்போது வீலை ஒரு விரலால் சுற்றலாம், தயிரில் கரண்டி விட்டது போலப் போகிறது. எல்லாம் முடிந்த பிறகு ஸ்பானரைப் பார்த்தேன். கயிறு நைந்திருந்தது. புதுக் கயிறு போடலாம் என்று அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். வரவில்லை. வெயிலும் உப்பும் ஏறிக் கல்லாகிப்போன முடிச்சு, நீ உன் குசினி விரல்களால் போட்டது. எண்ணெய் விடலாமா என்று கிண்ணத்தை எடுத்தேன். கத்தியையும் எடுத்தேன். ரெண்டையும் கீழே வைத்துவிட்டேன்.

புதுக் கயிற்றைப் பழைய கயிற்றின் கூடவே சேர்த்துக் கட்டியிருக்கிறேன். இன்று அந்தப் படகில் இறுகிக் கிடந்ததையெல்லாம் விடுவித்துவிட்டேன். அந்த முடிச்சு மட்டும் இறுகினபடியே இருக்கிறது. நாளைக்கு முதல் பொட்டு அதற்குத்தான்.